கத்தாத இன்வெர்ட்டர்

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் இன்வெர்ட்டர் உட்கார்ந்து வந்தது. முதலில் மடியில் வைத்துப் பார்த்தாள், தொடை மரத்துப் போனது. காலடியில் வைத்தாள், போகிறவர் வருகிறவர் எல்லாம் இடித்தார்கள். கடைசியில் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டாள். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். கணவர் போன பிறகு அவளோடு பக்கத்தில் உட்கார்ந்து வந்த முதல் துணை அதுதான்.

ஏரிக்கரை மைதானத்தில் அவளை எல்லாரும் டெலிபோனக்கா என்றே கூப்பிட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்காலம் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பஸ்ஸர் அலறினால் எடு, மறுபடி அலறினால் மறுபடி எடு என்று ஊராரின் பேச்சை ஊராருக்கு இணைத்துக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற அன்றே வீட்டு அழைப்புமணியின் வயரைப் பிடுங்கிப் போட்டாள். வருகிறவன் கதவைத் தட்டட்டும், கை இல்லையா என்றாள்.

கணவர் பஸ் டிரைவர். அவருக்கு வேறு ஏக்கம். ஒரே தடத்தில் ஓட்டி ஓட்டி அலுத்தவர், நினைத்த இடத்தில் திருப்பி நினைத்த இடத்தில் நிறுத்துகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்டார். அப்படி வாங்கியதுதான் அந்த வீட்டு வண்டி. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் ஒரு வேனுக்குள் அடக்கம். கூரை மேல் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் இரண்டு பேட்டரி, பக்கத்தில் இன்வெர்ட்டர். பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருவது அதன் வேலை. அது படுத்துவிட்டால் வீட்டு வண்டி வெறும் வண்டிதான்.

சில வருடம் கால் போன போக்கில் சுற்றினார்கள். பிறகு அவருக்கு முதுகுவலி வந்து, இந்த மாதிரி வண்டிகள் நிற்கிற ஏரிக்கரை மைதானத்தில் ஒரு மூலையைப் பிடித்து நிரந்தரமாக நிறுத்தினார்கள். போன குளிர்காலத்தில் ஒரு பகல்வேளை, காய்கறி வாங்கப் போன மனிதர் கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு அவளுக்குப் பேச ஆள் கிடையாது. பக்கத்து வண்டிகள் சனிக்கிழமை வரும், திங்கட்கிழமை இடத்தைக் காலி செய்யும். குழாயடியில் "நீங்க பிடிச்சுக்கிறீங்களா?", "இல்ல, நீங்க முதல்ல பிடிங்க" என்பதோடு அன்றைய பேச்சு தீர்ந்தது. ஒரு ஊரையே பேச வைத்தவளுக்கு வந்த கதியைப் பாருங்கள். தொண்டையில் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, சில நாள் ஃபிரிட்ஜைத் திறந்து "என்னடா வச்சிருக்க உள்ள?" என்று கேட்பாள். அதுவும் உர்ரென்று ஏதோ முனகும். இப்போது அந்த வாயும் அடைத்துவிட்டது.

இன்வெர்ட்டர் ஒரே நாளில் படுக்கவில்லை. முதலில் ஏதோ ஒரு விடியலில் மின்விசிறி நின்று போயிருக்கும். பிறகு கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்கும்போது சத்தமில்லாமல் எல்லாம் அணையும். அவள் ஸ்விட்சை அணைத்துப் போடுவாள், கரண்ட் வரும். மறுபடி நிற்கும், மறுபடி போடுவாள். அந்த வாரம் அப்படிப் போட்டபோது உள்ளே டப்பென்று ஒரு சத்தமும் தீய்ந்த வாடையும் வந்தன. அதோடு சரி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டு, ஏழு மணிக்கே படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இதை மகனிடம் சொன்னதுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதாக ஆயிற்று. மகன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடலாம், அவன் நல்லவனாக இருந்து தொலைத்தான். "ஞாயித்துக்கிழமை வரேம்மா. வண்டி வாங்குறேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார், அவரையும் கூட்டிட்டு வரேன். நான் வர்றப்ப கரண்ட் இருந்தா ஒரு வார்த்தை பேசல. இல்லைன்னா நீங்க எங்களோட வந்துடணும். உங்களை இருட்டுல விட்டுட்டு எனக்குத் தூக்கம் வரலம்மா" என்றான். மருமகள் ஏற்கெனவே அறையை ஒழித்து வைத்துவிட்டாளாம். லிஃப்டை ஒட்டிய அறை. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் டிங் என்று ஒரு மணி அடிக்கும். அவள் அங்கே தங்கியபோதெல்லாம் அந்த மணியை எண்ணியபடியே விடிந்திருக்கிறது.

ஆனாலும் மணி ஒரு சாக்குதான். அவளால் அந்தக் கட்டிலை விட்டு வர முடியாததற்கு வேறு காரணம் இருந்தது, அதை மகனிடம் சொல்ல முடியாது. கணவர் தினமும் விடிவதற்கு முன்னால் அவள் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே போய்விடுவார். வண்டிக்கு வந்த புதிதிலிருந்து கடைசி நாள் வரை அதே கதை. கொஞ்ச நேரம் கழித்து வந்து படுப்பார், கால் ஜில்லென்று இருக்கும். எங்கே போனீர்கள் என்றால், "காத்து வாங்க" என்பார். மின்விசிறி நேர் முகத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்குள்ளிருந்து ஒருவர் காற்று வாங்க வெளியே போவாரா? அவளோடு இவ்வளவு குறுகின இடத்தில் மூச்சு முட்டுகிறது போலிருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள். கேட்டுச் சண்டை போடவில்லை. அந்த ஜில்லென்ற கால் தன் காலைத் தொட்டால் இழுத்துக்கொள்வாள், அவ்வளவுதான். வருடக்கணக்காக இழுத்துக்கொண்டாள். இப்போது இழுத்துக்கொள்ளத் தேவையில்லாத கட்டிலில், சுவரைப் பார்த்தே படுத்துப் பழகிய உடம்பு இன்னும் சுவரையே பார்த்துப் படுக்கிறது. என்னோடு இருக்க உங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்ற கேள்வியை அங்கே போட்டுவிட்டு லிஃப்ட் பக்கத்து அறைக்குப் போய்விட அவளுக்கு மனம் வரவில்லை.

தண்ணீர் லாரிக்காரர் சொன்ன கடை, முடிதிருத்தும் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ரிப்பேர்காரருக்கு மின்னல் என்று பெயர். எதனால் அந்தப் பெயர் என்று அவரைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டவே அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும்.

மின்னல் இன்வெர்ட்டரைத் தூக்கி எடை பார்த்தார், முகர்ந்தார், லேசாக ஆட்டிக் காதில் வைத்துக் கேட்டார்.

"கடைசியா எப்ப நின்னுச்சுக்கா?"

"கெட்டில் போட்டப்ப தம்பி."

"நிக்கிறதுக்கு முன்னாடி கத்துச்சா?"

"கத்துறதா? எங்களுது கத்தாது. ரொம்ப அமைதியான மெஷின்."

மின்னல் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "எல்லா இன்வெர்ட்டரும் கத்தும்கா. பேட்டரி இறங்கினா கீகீன்னு உயிரை எடுத்துடும்."

"வாங்கின புதுசுல ஒரு ராத்திரி கத்துச்சு. நேரா என் தலையணைக்குக் கீழ. நான் பதறி எழுந்து உட்கார்ந்தவ, விடியற வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்குச்சு. இனி ஒரு தடவை இது கத்தினா நான் இந்த வண்டியில இருக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். மறுநாள் எங்க வீட்டுக்காரர், 'அதுகிட்ட பேசிட்டேன், இனிமே கத்தாது'ன்னார். அதுக்கப்புறம் கத்தவே இல்ல."

"பேசினாராமா?" மின்னல் சிரித்தார். "என்கிட்ட வர்றது எதுவும் பேச்சுக்கு அடங்குறதில்லை. விட்டுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க."

"இங்கேயே உட்காரட்டுமா?"

"பக்கத்துல ஆள் இருந்தா எனக்குக் கை ஓடாதுக்கா."

"நான் பேசமாட்டேன்."

அவள் சொன்னபடி பேசாமல் இருந்தாள். லைனில் இருந்துகொண்டே இல்லாதது போல் இருப்பது ஆபரேட்டரின் தொழில். மின்னல் நாலு திருகாணியைக் கழற்றி மேல்மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சு மாதிரி தூசி. பிரஷ்ஷால் தட்டி ஊதினார். பிறகு மேசைக்கடியில் இருந்த பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஒரு கார் ஹெட்லைட் பல்பை மாட்டினார். பேசாமல் இருக்கிற ஆளிடம் பேசத் தோன்றுவது மனித இயல்பு போலும், அவரே ஆரம்பித்தார்.

"இந்த பல்புதான் காவல்காரன். உள்ள ஷார்ட் இருந்தா முழுசா எரியும். நல்லா இருந்தா லேசா ஒரு சிமிட்டு சிமிட்டிட்டு அடங்கிடும்."

ஸ்விட்சைப் போட்டார். பல்பு கண்ணைக் கூசும்படி எரிந்தது. 

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகுமா தம்பி?"

"எதுக்கு ஞாயித்துக்கிழமை?"

அவள் மகனையும் லிஃப்டையும் சொன்னாள். கணவரின் காலைப் பற்றிச் சொல்லவில்லை. மின்னல் மீட்டர் முனைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். வரிசையாக நின்ற கறுப்புச் சில்லுகளில் இரண்டின் மீது மீட்டர் கீச்சிட்டது. மாஸ்ஃபெட் என்றார். பேட்டரி கரண்டை வெட்டி வெட்டி விடுகிறவை அவைதானாம். அந்த இரண்டும் உள்ளுக்குள் வெந்து ஒட்டிப் போயிருந்தன.

"ரெண்டு போச்சு. ஆனா வரிசை முழுக்க மாத்தணும்."

"மத்தது நல்லாத்தானே இருக்கு?"

"பார்க்கத்தான் நல்லா இருக்கும். கூட இருந்தது போனப்புறம் அதோட பாரத்தையும் இதுங்கதான் சுமந்திருக்கு. உள்ள எவ்வளவு நொந்திருக்குன்னு மீட்டர் சொல்லாது."

அவர் மெஷினைப் பற்றித்தான் சொன்னார். அவள் சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சில்லுகள் வந்து சேர்ந்தன. மின்னல் பழையவற்றை ஒவ்வொன்றாகச் சூடு காட்டி உருவினார், புதியவற்றின் கம்பிக்கால்களை நிமிர்த்திப் பொருத்தி ஈயம் வைத்தார். கருகிப் போன சின்னச் சின்ன உருப்படிகளையும் மாற்றினார். அவசரமே கிடையாது. பக்கத்துக் கடையில் ஒரு முழுத் தாடி வந்து உட்கார்ந்து மழமழவென்று எழுந்து போகிறவரை ஒரே ஒரு சில்லு. அவள் தினம் வருவதைப் பார்த்து முடிதிருத்துகிறவர் ஒரு நல்ல நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். இரண்டு நாளில் அவளுக்கு ஒரு நாற்காலி சொந்தமாகிவிட்டது. ஏரிக்கரையில் எட்டு மாதமாகக் கிடைக்காத மரியாதை.

மறுபடி பல்பை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். பல்பு ஒரு சிமிட்டு சிமிட்டி அடங்கியது. பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தார். இன்வெர்ட்டரின் உள்விசிறி சுழன்றது. மேசை விளக்கை அதில் மாட்டினார், எரிந்தது. அவள் கையைத் தட்டாத குறை.

"அவசரப்படாதீங்கக்கா. இது ஏன் செத்துச்சுன்னு இன்னும் தெரியல. காரணம் தெரியாம வண்டியில மாட்டினா அடுத்த மாசம் திரும்பவும் பஸ்ல டிக்கெட் எடுப்பீங்க."

பேட்டரிக்குப் பதில் வோல்டேஜை ஏற்றி இறக்குகிற பெட்டி ஒன்றை மாட்டினார். குமிழை மெல்லத் திருகினார். பன்னிரண்டு. பதினொன்றரை. பதினொன்று. "இங்க கத்தணும்" என்றார். கத்தவில்லை. இன்னும் இறக்கினார். விளக்கு பட்டென்று அணைந்தது, ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"ஆபத்துன்னு சொல்லாமலே மயக்கம் போட்டு விழுது பாருங்க. நீங்க என்ன பண்ணீங்க? ஸ்விட்சைத் தட்டி எழுப்பினீங்க. மயக்கம் போட்டவனை எழுப்பி எழுப்பி மூட்டை தூக்க விட்டா என்ன ஆகும்? அதான் ஆச்சு."

"அது ஏன் கத்தல?"

மின்னல் முன்பக்கத் தகட்டைக் கழற்றி, பின்னாலிருந்த சின்ன போர்டை வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு பொத்தான் அளவுக்கு வட்டமாக ஒன்று இருந்தது, கத்தவேண்டிய பஸ்ஸர். அதன் மேல் பச்சைத் துணி டேப் ஒட்டியிருந்தது.

"யாரோ வாயில துணியை அடைச்சிருக்காங்க" என்று இடுக்கியால் நெம்பப் போனார்.

"இருங்க" என்றாள் அவள்.

அந்த டேப்பை அவளுக்குத் தெரியும். வண்டியில் ஒடிந்த கைப்பிடி, கிழிந்த சீட், ஒழுகின குழாய் எல்லாவற்றிலும் அதே பச்சை டேப்தான். அவருக்குக் கத்தரிக்கோல் எடுக்கச் சோம்பல், எதையும் பல்லால்தான் கடித்துப் பிய்ப்பார். முன்பல் ஒன்று கிடையாது. அதனால் பிய்த்த ஓரத்தில் நடுவே மட்டும் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு டேப்பைக்கூட ஒழுங்கா வெட்டத் தெரியாதா என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். இங்கேயும் அந்த நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் பல்லு தம்பி" என்றாள்.

மின்னல் இடுக்கியை வைத்துவிட்டு நகத்தால் மெதுவாக உரித்து அவள் கையில் கொடுத்தார். டேப்புக்கு அடியில் மெழுகு, மெழுகுக்கு அடியில் தலையணைப் பஞ்சு. பஸ்ஸரை முழுதாக மூச்சடைத்து வைத்திருந்தார் மனிதர்.

"இப்படித்தான் பேசினாரா அதுகிட்ட" என்றார் மின்னல். பிறகு எதையோ யோசித்து நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு இடிக்குதுக்கா. இந்த மெஷின் இத்தனை வருஷம் ஓடியிருக்கவே கூடாது. பேட்டரி ரெண்டுன்னீங்க. ராத்திரி என்ன ஓடும் வண்டியில?"

"ஃபிரிட்ஜ். அப்புறம் ஃபேன். ஃபேன் இல்லாம எனக்குத் தூக்கம் வராது. குளிர்காலத்துலகூட வேணும். அவர் பாவம், தலையோட போர்த்திக்கிட்டுக் கிடப்பார்."

"அவ்வளவும் ஓடினா விடியறதுக்கு முன்னாடி ஒரு பேட்டரி இறங்கிடும். கத்தவும் கத்தாது. அப்ப யாராவது எழுந்து போய் மீட்டரைப் பார்த்து அடுத்த பேட்டரிக்கு மாத்தியிருக்கணும். ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, தினமும். மீட்டர் எங்க இருக்கு?"

"வெளிப்பக்கம். கட்டிலுக்குக் கீழ பெட்டி மாதிரி இருக்கும், வெளியில இருந்துதான் திறக்கணும்." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. "தினமும் விடியக்காலம் எழுந்து போவார் தம்பி. கேட்டா காத்து வாங்கன்னு சொல்வார்."

மின்னல் கண்ணாடியைக் கழற்றினார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார்.

"காத்தை மட்டும் வாங்கலக்கா" என்றார்.

அவள் அழுதாள். அடக்கிப் பார்க்கவில்லை, அடக்கி என்ன ஆகப் போகிறது. வருடக்கணக்காக ஒரு மனிதர், அவள் தூக்கம் கெடக்கூடாது என்று பஸ்ஸரின் வாயை அடைத்து, அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, குளிரில் எழுந்து போய் நின்றுவிட்டு வந்திருக்கிறார். சொன்னால் என்ன? சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள், நான் ஃபேன் இல்லாமல் படுத்துக்கொள்கிறேன் என்றிருப்பாள், பொய்யாகத் தூங்கியிருப்பாள். அது அவருக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கால் சூடு தேடித்தான் அவள் பக்கம் வந்தது என்பதை அவளாவது யோசித்திருக்கலாம். சூடு கொடுக்கவேண்டிய நேரத்தில் இழுத்துக்கொண்டாளே. அதை நினைத்துத்தான் அவளுக்கு ஆறவில்லை.

முடிதிருத்துகிறவர் எட்டிப் பார்த்தார். மின்னல் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டி அனுப்பினார்.

"பழையதை எடுத்துட்டுப் புது பஸ்ஸர் போடணும். இல்லைன்னா மறுபடி இதே கதைதான்" என்றார், அவள் முகத்தைத் துடைத்த பிறகு. "சத்தம் ஆகாதுன்னா லைட் மாதிரி ஏதாவது வைக்கலாம்."

அவள் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். கட்டை விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸரே போடுங்க" என்றாள். "நல்லா கத்துற மாதிரியா போடுங்க."

சனிக்கிழமை மின்னலே ஏரிக்கரைக்கு வந்தார். வெளிப்பக்கப் பெட்டியைத் திறந்ததும் உச்சுக்கொட்டினார். பேட்டரி முனையில் வயர் தளர்ந்து, வெள்ளைப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. சுரண்டித் துடைத்து முறுக்கினார். மீட்டருக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எழுதிய ஒரு திருகு ஸ்விட்ச் இருந்தது. அது ஒன்றிலேயே நின்றது. கணவர் போன காலையில் இரண்டிலிருந்து மறுபடி ஒன்றுக்குத் திருப்பி வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போயிருப்பார். அதன் பிறகு அதைத் தொட ஆள் இல்லை. எட்டு மாதமாக ஒன்றாம் பேட்டரி ஒண்டியாக வண்டியை இழுத்திருக்கிறது.

"இது கிழடு தட்டிடுச்சு. பெரிய பாரம் தாங்காது. ரெண்டாவது சும்மா கிடந்ததால பிழைச்சுது, இன்னிக்கு சார்ஜ் ஏத்திடறேன். ஒண்ணுல இருக்கிறப்ப கத்துச்சுன்னா, இதை ரெண்டுக்குத் திருப்பிடுங்க. நீங்க செய்யவேண்டியது அவ்வளவுதான். அப்புறம், வெள்ளிக்கிழமை நான் கொஞ்சம் சும்மாதான் இருப்பேன். அந்த நாற்காலியை சலூன்காரன் திருப்பி எடுத்துக்கல."

மின்னல் அவ்வளவு பேசியதே அதிகம். அவள் தலையாட்டினாள்.

அவர் போன பிறகு அவள் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் அந்தப் பச்சை டேப்பை ஒட்டி வைத்தாள். அப்போதுதான் காலுக்கடியில் பார்த்தாள். பெட்டிக்கு நேராகத் தரையில் ஒரு பலகை பதிந்திருந்தது. செருப்பு வைக்கப் போட்டது என்று நினைத்திருந்தாள். ஈரத்தில் நிற்காமல் இருக்கப் போட்டது. நடுவில் இரண்டு கால் அளவுக்குத் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

ஞாயிறு மதியம் மகன் வந்தான். கூட வண்டி பார்க்க வந்தவர், தொப்பையும் சாவிக்கொத்துமாக. விளக்கு எரிந்தது, மின்விசிறி ஓடியது, ஃபிரிட்ஜ் முனகியது. மகன் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்த்தான். சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டு ஒன்றும் பேசவில்லை, ஆனால் முகம் ஒப்புக்கொள்ளவில்லை. வந்தவர் மெத்தையை அமுக்கிப் பார்த்தார், அலமாரியைத் திறந்து மூடினார். அவள் டீ போட கெட்டிலை வைத்தாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து கீகீகீ என்று அலறல் கிளம்பியது. வந்தவர் துள்ளி எழுந்து தலையை அலமாரியில் இடித்துக்கொண்டார். மகன் காதைப் பொத்தினான்.

"பார்த்தீங்களாம்மா? மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு. இது சரிப்படாது, நான் சொன்னா கேளுங்க. இது ரிப்பேர்தான்."

அவளுக்கும் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போட்டது. ஆனால் கால் அதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் பழகிய கால்.

"ரிப்பேர் இல்லடா. கூப்பிடுது" என்றாள். "கூப்பிட்டா போய்ப் பார்க்கணும்ல."

செருப்பு போடாமலே இறங்கி வண்டியைச் சுற்றிப் போனாள். பலகை மேல் ஏறி நின்று பெட்டியைத் திறந்தாள். மீட்டர் முள் சிவப்பில் கிடந்தது. ஸ்விட்சை ஒன்றிலிருந்து இரண்டுக்குத் திருப்பினாள். அலறல் வெட்டினாற்போல் நின்றது. முள் மெல்ல எழுந்து பச்சைக்கு வந்தது.

வேலை முடிந்துவிட்டது. உள்ளே போகலாம். அவள் போகவில்லை. ஏரியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, வண்டி நிழலில் ஈரம் ஊறிய பலகை காலுக்குச் சில்லென்று இருந்தது. தலையை நிமிர்த்தினால் எதிரே சின்ன ஜன்னல், ஜன்னலுக்குள் கட்டில், அவளுடைய தலையணை, அதன் மேல் திரும்பித் திரும்பி ஓடுகிற மின்விசிறி. இங்கே நின்று பார்த்தால் அங்கே படுத்திருக்கிறவளின் முகம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

உள்ளே கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டது. வந்தவர் தலையைத் தடவியபடி, "என்னங்க, வண்டி குடுக்கிறாங்களா இல்லையா?" என்று கேட்டார்.

மகன் ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்தான். "குடுக்கமாட்டாங்கன்னு நினைக்கிறேன்" என்றான் கடைசியில். பிறகு ஜன்னலைத் தட்டினான். "அம்மா, சத்தம் நின்னுடுச்சே. இன்னும் அங்க நின்னு என்ன பண்றீங்க?"

அவள் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துச் சூடு உண்டாக்கிக்கொண்டாள்.

"காத்து வாங்கறேன்டா" என்றாள்.